ஐந்து வரை எண்ணவும்

அவர் பியானோ வாசிக்கும்போது வாயாலும் சத்தம் போடுவார். பாடுவதைச் சொல்லவில்லை. பாடியிருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் கிறிஸ்தவ சபையில் பாடாத ஆள் கிடையாது. இவர் நாக்கைச் சொடுக்குவார், பல்லிடுக்கால் காற்று விடுவார், மூக்குக்குள் முனகுவார், உதட்டை இறுக்கி மூடித் திறந்து 'டுப்' என்பார், நடுவில் கையை எடுத்துவிட்டு வாய்விட்டு எண்ணுவார். பக்கத்தில் நின்று இசைப் புத்தகத்தின் பக்கம் திருப்புவது என் வேலை. ஒன்றரை வருடம் அந்த வேலையைப் பயந்து பயந்துதான் செய்தேன்.

அந்த அம்மாவின் பெயர் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர் சிலர் இன்னும் அரியாலையில் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால் வீடு தேடி வந்து ஏசுவார்கள். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர் எங்களோடு இல்லை. அதற்குப் பல வருடம் முந்தியே கொழும்பு போய், அங்கிருந்து வெளியே போய்விட்டார். எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு கடிதம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு ஏன் போடுவார்?

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனத்தில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். கல்யாணம் செய்யவில்லை. இளவயதில் லண்டனில் பியானோ படித்தவர், கொழும்பில் கச்சேரிகள் செய்தவர் என்று சொல்வார்கள். வரும்போது கையில் இருந்தது யாரோ கொடுத்த இரண்டு சேலைகளும் ஒரு போத்தல் தண்ணீரும். அரியாலையில் தமையனார் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. தலைமயிரைப் பிடரியோடு கத்தரித்திருந்தார். நகத்தைச் சதை தெரிய வெட்டியிருப்பார். எங்கள் பெண்கள் சங்கத்துக்கு அந்தத் தலைமயிர் ஒன்றே ஆறு மாதக் கதைக்குப் போதுமாக இருந்தது.

எனக்கு அவரைத் தெரிய வந்தது தபால் கந்தோரில். நான் அங்கே கிளாக். எண்பத்தைந்தில் வெளிநாட்டிலிருந்து அவருக்கு ஒரு பார்சல் வந்தது. வந்த வழியில் யாரோ மூலையைக் கிழித்துப் பார்த்திருந்தார்கள். கிழிந்த இடத்தால் இசைக்குறிப்புகள் தெரிந்தன. நான் சின்னதில் ஐந்தாம் கிரேட் வரை பியானோ படித்தவள், பாடகர் குழுவில் இருக்கிறவள். அப்படியும் அந்தக் குறிப்புகளில் பாதி எனக்கு விளங்கவில்லை. கோடுகளுக்கு மேலே பெட்டிகள், அம்புக்குறிகள், முக்கோணங்கள். அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

அவர் கவுண்டருக்கு வந்து கையெழுத்து வைத்தபோது என் கண் அந்த மூலையில் நின்றதைக் கண்டுவிட்டார்.

"நீர் நோட்ஸ் வாசிப்பீரோ?"

"கொஞ்சம் வாசிப்பன் அக்கா."

அங்கேயே பார்சலைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். "இது என்னெண்டு சொல்லும் பாப்பம்."

"வட்டத்துக்குள்ளை ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி."

"அது நாக்கு," என்றார். சொல்லிவிட்டு, பென்ஷன் எடுக்க வந்து நின்ற பத்துப் பேருக்கும் முன்னால் நாக்கை அண்ணத்தில் வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினார். கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சூடேறிவிட்டது.

லண்டனில் அவரோடு ஒரே வகுப்பில் படித்த ஒரு பெண், இப்போது இசை எழுதுகிறவராம். தன் சிநேகிதிக்காகவே எழுதி அனுப்பியிருக்கிறார். வாசிப்பவர் வாயால் என்னென்ன செய்யவேண்டும் என்பது குறியீட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தட்டச்சில் இருக்கிறது. புள்ளடி என்றால் நாக்கு. முக்கோணம் என்றால் மூச்சு. கறுத்த பெட்டி என்றால் உதட்டால் வெடிக்கவேண்டும். பன்னிரண்டு நிமிடப் பாட்டு, பதினெட்டுப் பக்கம். இரண்டு கையும் வாயும் சேர்ந்து ஓயாமல் வேலை செய்கிறபடியால் பக்கம் திருப்ப ஆள் இல்லாமல் வாசிக்க முடியாது. அப்படித்தான் வியாழக்கிழமைப் பின்னேரங்களில் கந்தோரைப் பூட்டிவிட்டு நான் சபை மண்டபத்துக்குப் போகத் தொடங்கினேன்.

"பத்து விரலுக்கும் வேலை குடுத்திருக்கு. வாய் மட்டும் என்னத்துக்குச் சும்மா கிடக்கோணும்?" என்பார். இதை அவர் எல்லாரிடமும் சொன்னார். போதகரிடம் சொன்னார், சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவரிடமும் சொன்னார். 

மண்டபத்துப் பியானோ மிஷன் காலத்துச் சாமான். கொழும்புத்துறைக் கடற்காற்று பட்டுப் பட்டுக் கம்பியெல்லாம் துரு. நடுவில் மூன்று கட்டைகள் ஊமை. அழுத்தினால் மரம் மரத்தில் படுகிற சத்தம் மட்டும் வரும். ஊமைக் கட்டை வரும்போது அந்தச் சுரத்தை அவர் மூக்கால் 'ங்' என்று கொடுத்துவிடுவார். ஞாயிறு ஆராதனையில் ஞானப்பாட்டுக்கு வாசிக்கும்போதும் அதே வழக்கம். சபை பாடிக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு 'ங்'. பின்வரிசை வாங்கிலில் இருக்கிற பெட்டைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வேன். அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சுரம் ஒன்று விழுந்துபோனால்தான் அவருக்கு வெட்கம்.

ஆடிக் கலவரத்தில் ஒரு பகல் முழுக்க அயல்வீட்டுக்காரரின் அலுமாரிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர், அதனால்தான் வாய் இப்போது நிற்பதில்லை என்று ஊரில் ஒரு கதை இருந்தது. கேட்கிற எல்லாருக்கும் அது பொருந்தித் தெரிந்தது. எனக்கும்தான். ஒருநாள் துணிந்து கேட்டே விட்டேன்.

"ஆர் உமக்குச் சொன்னது? லண்டனிலை படிக்கேக்கையே நான் முனகுவன். ரீச்சர் பென்சிலாலை தோளிலை தட்டுவா," என்றார். "அலுமாரிக்குள்ளை இருந்தது உண்மை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சனத்துக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்."

நம்பினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது பாதிதான் நம்பினேன் என்று தெரிந்தது.

ஏனென்றால் புத்தகத்தில் இல்லாத சத்தங்களும் வரத் தொடங்கியிருந்தன. பக்கம் திருப்புகிறவளுக்கு அது உடனே தெரியும்; கண் வரியில் இருக்கிறது, காது அவர் வாயில் இருக்கிறது. நாலாம் பக்கத்தில் மூச்சு என்று போட்டிருக்கிற இடத்தில் மூச்சோடு ஒரு முனகலும் வரும். எட்டாம் பக்கத்தில் ஒன்றுமே போட்டிருக்காத இடத்தில் கீழ்த்தொண்டையில் ஏதோ கதைத்துக்கொள்வார். சொற்கள் விளங்காது. நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குப் பயம்.

ஒரு வியாழன் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. முதலில் தூரத்தில், பிறகு மண்டபத்துக்கு நேரே மேலே. நான் பியானோவுக்கும் சுவருக்கும் இடையில் போய்க் குந்திவிட்டேன். அவர் வாசிப்பை நிறுத்தினார், எழும்பவில்லை. தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அந்த இரைச்சலின் சுரத்தையே பிடித்து அதோடு சேர்ந்து முனகத் தொடங்கினார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, உள்ளுக்கை வாங்கோ! விசர் வேலை பாக்காதையுங்கோ!"

"பொறும். கொஞ்சம் பதிஞ்சு நிக்குது," என்றார். ஹெலியின் சுரத்தைத்தான் சொல்கிறார். அன்றைக்கு அந்த ஹெலி கொழும்புத்துறைப் பக்கம் ஐம்பது கலிபரால் சுட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 

பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் கறுத்த பெட்டி இருக்கிறது: உதட்டால் வெடிக்கவேண்டும், அதே நேரம் இடக்கை முட்டியால் கீழ்ச்சுரக் கட்டைகளில் குத்தவேண்டும். பிறகு பெடலை விடாமல் கையை எடுத்துவிட்டு வாய்விட்டு ஐந்து வரை எண்ணவும் என்று போட்டிருக்கிறது. எண்ணி முடிய அடுத்த கோர்ட், பல சுரம் சேர்ந்த ஒரே அடி. எழுதிய பெண் ஏதோ நிம்மதியான ஊரில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊரில் அப்போது எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆமி முகாமாக இருந்த கோட்டையிலிருந்து ஷெல் வெளிக்கிடும்போது 'டுப்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்ட கையோடு கிடைத்த இடத்தில் படுத்துவிட்டு எண்ணத் தொடங்குவோம். பதினாலு பதினைந்துக்குள் எங்காவது விழும். விழுந்த சத்தம் கேட்டால் நாங்கள் தப்பிவிட்டோம் என்று அர்த்தம். மனதுக்குள்தான் எண்ணுவோம். பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக்கூடக் கேட்காது.

ஒருநாள் நாங்கள் பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கும்போதே கோட்டையிலிருந்து ஒன்று வெளிக்கிட்டது. நான் படுத்துவிட்டேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். "நாலு. ஐஞ்சு." அதற்குப் பிறகு நிற்கவில்லை. "ஆறு. ஏழு." பதின்மூன்றில் எங்கோ நாவாந்துறைப் பக்கம் வெடித்தது. வெடித்த பிறகுதான் அவர் அடுத்த கோர்டை அடித்தார். நான் எழும்பிப் பக்கத்தைத் திருப்பினேன். 

அதற்குப் பிறகு ஷெல் இல்லாத நாளிலும் அவர் ஐந்தோடு நிற்பதில்லை. ஒருநாள் ஒன்பது, ஒருநாள் பதினொன்று. எந்த எண்ணில் பக்கத்தைத் திருப்புவது என்று தெரியாமல் தாளின் நுனியைப் பிடித்தபடி நிற்பேன். கை வியர்த்து அந்த மூலை ஊறிப்போயிருந்தது.

எண்பத்தாறு கடைசியில் அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் கலைநிகழ்ச்சி வைத்தார்கள். அவர் தன் பாட்டை வாசிக்கப்போவதாகப் போதகரிடம் சொன்னார். போதகர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல பாட்டுத்தானே பிள்ளை?" என்று கேட்டார். "நல்ல பாட்டு," என்றேன். பொய்யில்லை. அப்போதைக்கு எனக்கு அது பிடித்துப்போயிருந்தது. ஊமைக் கட்டைக்கு 'ங்' வராவிட்டால் ஏதோ குறைவது போல இருக்கும். இப்படிச் சத்தம் எல்லாம் வரும் என்று முதலே சனத்துக்கு அறிவிப்போமா என்று அவரிடம் கேட்டேன். "கேட்டுத் தெரிஞ்சுகொள்ளட்டும்," என்றார்.

நாங்கள் இருவரும் அந்த 'டுப்'புக்குப் பழகிவிட்டோம். அதுதான் பிழை. மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பதினோராம் பக்கம் வரை பொறுமையாகத்தான் இருந்தார்கள். நாக்குச் சொடுக்குக்குச் சிரித்தார்கள், முனகலுக்கு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் உதட்டால் 'டுப்' என்று வெடித்து முட்டியால் குத்தினார்.

வாங்கில்கள் சரிகிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நூறு பேரும் நிலத்தில். எப்படிப் படுக்கவேண்டும் என்று எங்களுக்கெல்லாம் பழக்கியிருந்தார்கள்: நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து. அப்படியே கிடந்தார்கள். போதகர் பூசணிக்காயும் வாழைக்குலையும் அடுக்கியிருந்த மேசைக்குக் கீழே இருந்தார். பியானோவில் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஐந்தோடு நிறுத்தி, சரியாகப் புத்தகத்தில் இருக்கிறபடி கோர்டை அடித்தார்.

ஷெல் இல்லை என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. வீணாய்ப் படுத்த சனத்துக்கு எழும்பும்போது கோபம்தான் வரும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருக்குக் கைமணிக்கட்டுப் பிசகிவிட்டது. அவருடைய மேல்பல் செட் வாங்கிலுக்குக் கீழே போய்விட்டது; அதைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான். "உந்த விசரியை, முழுப் பைத்தியத்தைப் பியானோவிலை கொண்டுபோய் இருத்தினது ஆர்?" என்று ஒரு மனுசி கத்தினார்.  எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பாதி வெறுமையான மண்டபத்துக்குக் குனிந்து வணக்கமும் சொன்னார்.

அடுத்த கிழமை அவருடைய தமையனார் கந்தோருக்கு வந்தார். நல்ல மனிதர். ஓய்வுபெற்ற அப்போதிக்கரி, கிராமத்து ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்தவர், சபைக் கணக்கில் ஒரு குறை வைக்காதவர். கவுண்டரில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"பிள்ளை, உமக்குத்தான் அந்தப் புத்தகம் வாசிக்கத் தெரியும். உந்தச் சத்தமெல்லாம் அதிலை கிடக்கோ?"

"கிடக்கு அண்ணை. அண்டைக்குப் போட்ட 'டுப்' எழுதித்தான் கிடக்கு."

"அதை விடும். எல்லாமோ?"

நான் ஒரு கடித உறையை எடுத்து முத்திரை குத்தினேன். ஏற்கெனவே குத்திய உறை அது.

"வீட்டிலையும் சாப்பாட்டு மேசையிலை தட்டித் தட்டி அதைத்தான் செய்யுறாள்," என்றார். "நான் குறை சொல்லேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை. போன கிழமை கடற்கரைச் சென்றியிலை காவல் நிண்ட இயக்கப் பொடியன் ஆருக்குச் சிக்னல் குடுக்கிறியள் எண்டு கேட்டவன். நாளைக்கு ஆமிக்காரன்ரை செக்பொயின்றிலை 'டுப்' எண்டாளெண்டால்? அவன் என்ன, புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாத்திட்டோ சுடுவான்?"

முத்திரையைக் கீழே வைத்தேன். பிறகு அவர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

வியாழக்கிழமை மனநோய் வைத்தியர் ஒருவர் மண்டபத்துக்கு வருகிறாராம். தங்கச்சி வாசிப்பதை வைத்தியர் நேரே பார்க்கப்போகிறார். எது இசை, எது வியாதி என்று வைத்தியருக்குப் பிரித்துத் தெரியாது. ஆகவே நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். புத்தகத்தில் இல்லாத சத்தம் வருகிறது என்றால் கடிதம் தருவார். அன்றைக்கே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வார்ட்டில் சேர்ப்பது. அந்த வார்ட்டை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு வலைக்கம்பி. உள்ளே போனவர்களில் பாதிப் பேர் வெளியே வரும்போது வேறு ஆட்களாக இருந்தார்கள்.

"உம்மடை சொல்லிலைதான் கிடக்கு," என்று சொல்லிவிட்டுத் தமையனார் போனார்.

மூன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. உண்மையைச் சொன்னால் வார்ட். பொய்யைச் சொல்லி, பிறகு செக்பொயின்றில் ஏதும் நடந்தால் அந்தப் பழி யாருக்கு? ஜெபம் செய்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. வியாழன் காலை கந்தோருக்குப் போகும்போது பொய்தான் சொல்வது என்று முடிவெடுத்திருந்தேன்.

பெற்றோலுக்குத் தடை இருந்த நேரம். தமையனார் எப்படியோ இரண்டு போத்தல் சேர்த்து மொரிஸ் மைனர் காரைக் கொண்டுவந்து மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார். பின் சீற்றில் ஒரு உடுப்புப் பை இருந்தது. அக்கா உள்ளே வரும்போது அந்தப் பையைப் பார்த்தார். தன்னுடைய பை என்று தெரிந்திருக்கும். வந்து ஸ்டூலின் உயரத்தைத் திருத்தி உட்கார்ந்தார்.

வைத்தியர் சைக்கிளில் வந்தார். நாற்பது வயது இருக்கும், காற்சட்டைக் காலுக்குக் கிளிப் போட்டிருந்தார். அதைக் கழற்றிவிட்டு, முன் வாங்கிலில் தமையனாரோடு அமர்ந்து மடியில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டார். "சத்தம் வந்தால் நான் பென்சிலைத் தூக்குவன். புத்தகத்திலை இருந்தால் தலையை ஆட்டுங்கோ. இல்லாட்டி சும்மா நில்லுங்கோ," என்று என்னிடம் சொன்னார். பியானோவில் இருந்தவருக்கும் கேட்கத்தான் சொன்னார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தொடங்கினார். நாக்கு. பென்சில் எழும்பியது. தலையை ஆட்டினேன். மூச்சு. ஆட்டினேன். ஊமைக் கட்டைக்கு ஒரு 'ங்'. சுரம் புத்தகத்தில் இருக்கிறது, சத்தம் இல்லை. பாதி உண்மை என்று நினைத்துக்கொண்டு ஆட்டினேன். நாலாம் பக்கத்து முனகல். அது முழுப் பொய். ஆட்டினேன். எட்டாம் பக்கத்தில் அவர் தொண்டைக்குள் கதைக்கத் தொடங்கினார். பென்சில் எழும்பி நெடுநேரம் நின்றது. நானும் நெடுநேரம் ஆட்டினேன். வைத்தியர் என்னையே பார்த்தார். 

பன்னிரண்டாம் பக்கம். 'டுப்' என்றார், முட்டி விழுந்தது. தமையனாரின் தோள் ஒருமுறை துள்ளி நின்றது. இருவரும் முதலே அறிந்து வந்தவர்கள், படுக்கவில்லை. "ஒண்டு," என்று அவர் எண்ணத் தொடங்கினார். "ரெண்டு." அந்த நேரம் கோட்டைப் பக்கம் உண்மையாகவே ஒன்று வெளிக்கிட்டது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் எங்கள் ஊர்க் காதுக்குத் தெரியும். வைத்தியர், தமையனார், நான் மூவரும் ஒரே நேரத்தில் நிலத்தில். பெடலில் அக்காவின் கால் அப்படியே இருந்தது, கம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. அவர் மட்டும் ஸ்டூலில் நிமிர்ந்து இருந்தார்.

"நாலு. ஐஞ்சு. ஆறு."

பத்து வந்தது. பதின்மூன்று வந்தது. பதினைந்து. விழவில்லை. பதினாறு, பதினேழு.  விழுகிற சத்தம் கேட்காவிட்டால் அது எங்களுக்கு மேலே வருகிறது என்று எங்களில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. பத்தொன்பதில் அவர் குரல் கொஞ்சம் தளர்ந்தது.

"நிப்பாட்டாதையுங்கோ!" என்றது ஒரு குரல். சீமெந்துக்குள் முகத்தை வைத்தபடி வைத்தியர். "எண்ணுங்கோ. நிப்பாட்டாதையுங்கோ."

அவர் எண்ணினார். இருபத்தைந்தில் தமையனாரும் சேர்ந்துகொண்டார். நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். வைத்தியரின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. நானும் எண்ணிக்கொண்டுதான் கிடந்திருக்கிறேன், வாய்விட்டே. நாற்பத்தொன்றில் அக்கா நிறுத்தினார். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"விழேல்லை," என்றார். அடுத்த கோர்டை அடித்தார்.

அது கடனீரேரிச் சேற்றுக்குள் வெடிக்காமல் போய்ப் புதைந்தது என்று கொழும்புத்துறை மீன்பிடிகாரர் பிறகு சொன்னார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியாது. வைத்தியர் எழும்பி முழங்கால் தூசியைத் தட்டினார். கொப்பியைப் பொறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"டொக்டர், அப்ப கடிதம்?" என்று தமையனார் கேட்டார்.

"என்ன கடிதம்? எழுதிறதெண்டால் எங்கள் நாலு பேருக்கும் எழுதோணும்," என்றார் வைத்தியர். "அவவை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. இன்னும் அடிப்பாங்கள்." சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிப் போடவும் மறந்து போய்விட்டார். தமையனார் காரைத் திருப்பப் போனார். பின் சீற்றிலிருந்த பையை எடுத்து டிக்கிக்குள் மறைத்து வைப்பதை நான் வாசலால் கண்டேன். அந்த மனிதரின் முகம் அழுவது போல இருந்தது.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர் பக்கத்தில் போய், "தப்பியிட்டியள் அக்கா," என்றேன்.

அவர் புத்தகத்தின் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "நீர் தலையாட்டிக்கொண்டு நிண்டனீர்," என்றார். "எட்டாம் பக்கத்திலை நான் கதைச்சது புத்தகத்திலையோ கிடக்கு?"

"இல்லை."

"நாலாம் பக்கத்து முனகல்?"

"இல்லை அக்கா."

"பிறகேன் ஆட்டினீர்?"

"உங்களைக் கொண்டு போயிடுவினம் எண்டு பயத்திலை."

"எனக்குத் தெரியும் எது கிடக்கு, எது கிடக்கேல்லை எண்டு. ஐஞ்செண்டு போட்டிருக்கு. விழுறதுக்கு முன்னம் அடுத்த கோர்டை அடிக்க எனக்குக் கை வரேல்லை, அதாலை எண்ணுறன். எட்டாம் பக்கத்திலை ஒண்டும் இல்லாமல் கிடந்தது. எனக்கு அங்கை கதைக்கோணும் போல இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஒன்றரை வருசமாய்ப் பக்கத்திலை நிண்டனீர். ஒரு நாளாவது கேட்டனீரோ?"

நான் பியானோ மேலே கிடந்த ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினேன்.

"டொக்டருக்கு இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். புத்தகத்திலை இல்லை, அது அவவின்ரை, அவ தெரிஞ்சுதான் போடுறா எண்டு சொல்லியிருக்கலாம். எனக்குச் சுகமெண்டு நினைச்சவள் என்னத்துக்குப் பொய் சொல்லோணும்?" என்னை நேரே பார்த்தார். "நீரும் எனக்கு விசர் எண்டுதானே நினைச்சனீர்?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.

அடுத்த வியாழன் கந்தோரைப் பூட்டிவிட்டு வழமைபோல மண்டபத்துக்குப் போனேன். வாசலிலேயே வாசிப்புக் கேட்டது. பதினெட்டுப் பக்கத்தையும் சிறிதாக்கிப் போட்டோக்கொப்பி எடுத்து, நீளமான மட்டைகளில் இரண்டு வரிசையாக ஒட்டி, பியானோவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நிறுத்தி வைத்திருந்தார். திருப்புவதற்கு ஒரு பக்கமும் இருக்கவில்லை.